ரீசேட்டில் ஊருக்கு இடமில்லை

கனடாவில் இருக்கும் எங்கள் அச்சுக் கடைக்கு ஊர்ச்சங்கச் செயலாளர் அண்ணை இன்றும் வந்தார். சனிக்கிழமை ஒன்றுகூடலுக்கு ரீசேட் அடிக்க வேண்டும்.

முன்பு ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுச் சட்டம் செய்து அடித்தபோது, இரண்டு நிறத்தோடு எல்லோரும் அடங்கிவிடுவார்கள். டிஜிட்டல் பிரின்ரர் எந்தப் படத்தையும் அப்படியே துணியில் அடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

"தம்பி, இன்னும் ஒரு ஸ்பொன்சர். வீடு விக்கிறவர். முகத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கோ."

முதுகில் ஏற்கெனவே வீட்டுக்கடன் எடுத்துக்கொடுக்கும் மோட்கேஜ்காரர், லோயர், பல் வைத்தியர் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதுகு போதாமல் நெஞ்சுக்கும் வந்துவிட்டார்கள்.

"இனி இடமில்லை அண்ணை. நெஞ்சில இருக்கிற ஊர்ப்பேரை எடுத்தாத்தான் இவரைப் போடலாம்" என்றேன், பகிடியாக.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஓம், அதை எடுங்கோ. நாங்கள் எந்த ஊரெண்டு எங்களுக்குத் தெரியும்தானே."

எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஸ்காபரோப் பூங்கா ஏதாவதொன்றில், முதுகில் பல் வைத்தியர் சிரிக்க ஒரு கூட்டம் கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றால், கிட்டப்போய் விசாரியுங்கள். உங்கள் ஊராகவும் இருக்கலாம்.