சின்னமுத்து போட்ட பூஜ்யம்

சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில், காலையில் வேலைக்குப் போகும் பெண்கள் தலைத்துண்டைக் காதை வெளியே விட்டுத்தான் கட்டுவார்கள். பனி முகத்தில் அறைந்தாலும் காதை மூட மாட்டார்கள். ஏலச்செடி ஆளை விட உயரம். அதற்குள் யானை நின்றால், பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. காதுக்குத்தான் முதலில் தெரியும்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் வாசலில் எல்லோரும் கூடி நிற்பார்கள். சின்னமுத்து அண்ணனின் குரல் போனில் வராமல் ஒருவரும் நகர்வதில்லை. தோட்டத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேட்டுப்பாதை, மற்றொன்று ஓடைப்பாதை. நடுவில் ஒரு பாறை. அவர் விடியும்போதே அந்தப் பாறையில் ஏறி, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். வாய் திறந்திருந்தால் காது நன்றாகக் கேட்குமாம். பிறகு பெண்களின் வாட்ஸாப் குரூப்பில் அவர் குரல் வரும்.

"மேட்டுப் பக்கம் நிக்குது. ஓடைப்பாதையில வாங்க. பேசாம வாங்க."

அவர்தான் எஸ்டேட்டின் யானை வாச்சர். என் அம்மா சாந்தம்மாள், அவர் மனைவி இந்து அக்கா, இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள் அந்தக் குரலை நம்பி ஏலக்காட்டுக்குள் இறங்குவார்கள். வழியில் பேச்சு கிடையாது, கொலுசு கிடையாது.

அதே போனில் அவருக்கு இன்னொரு குரூப் இருந்தது. அதன் பெயர் 'சத்தக்காரங்க'. ராக் பாட்டு கேட்பவர்களின் குரூப். நான் சித்தூரில் கல்லூரி படித்தபோது கொழிஞ்சாம்பாறை மௌனிகாவும் பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஆனந்தகுமாரும் சேர்ந்து தொடங்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு சின்னமுத்து அண்ணனை அதில் சேர்த்துவிட்டது நான். வாச்சர் ஆவதற்கு முன் அவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். பெங்களூருக்காரர்கள் வண்டியில் போட்ட பாட்டுகளின் பெயரைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தவர். அந்தப் பாட்டுகளின் சொற்கள் அவருக்குப் பாதி புரியாது. ஆனால் டிரம்ஸ் எந்த இடத்தில் தயங்குகிறது, பாடுகிறவன் எந்த வரியில் பொய் சொல்கிறான் என்று சொல்லிவிடுவார்.

குரூப்பில் மாதம் ஒரு தலைப்பு. எல்லோரும் அதற்கேற்ற ப்ளேலிஸ்ட்டை எனக்கு அனுப்புவார்கள். நான் பெயரை நீக்கி, எண் போட்டு, அவரிடம் கொடுப்பேன். நான் குரூப்பில் அதிகம் எழுதுகிறவள் இல்லை, அதனால் இந்த வேலை எனக்கு வந்தது. மார்க் போடுவது அவர். ஹெட்போனை இரண்டு காதிலும் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேட்க வேண்டும் என்பது அவரே வைத்த சட்டம். பஞ்சு பிய்ந்த பழைய ஹெட்போன் அது. இந்து அக்கா அதற்குப் பாவாடைத் துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தார். அண்ணன் கேட்கும் நேரம் முழுக்க இந்து அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு காதையும் மூடிக்கொண்டு தனியாக இருக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

"அவரு பாட்டு கேக்காரு, நான் ஆனை கேக்கேன்," என்பார் இந்து அக்கா.

மார்க் போடுவதில் இரக்கமே கிடையாது. 'மழை' என்று தலைப்பு வைத்த மாதம் ஆனந்தகுமாருக்கு மூன்று மார்க் குறைத்தார். "நாலாவது பாட்டுல மழை பேர்ல மட்டும்தான் இருக்கு. கேட்டா குளிரவே இல்ல," என்று குரல் செய்தி போட்டார்.

ஆனந்தகுமாரின் பதில் உடனே வந்தது. "ஏனுங்ண்ணா, உங்க ஊர்ல மழை வேண்டா வேண்டாங்கற அளவுக்குக் கொட்டுது. எங்க பெருமாட்டியில தண்ணிக்கு லாரி புடிக்கோணும். எங்க மழைக்கு நீங்க மார்க்கு போடறது ஞாயமுங்களா?"

இந்த வருடம் மாசியில், லயத்துப் பக்கம் வந்த ஒரு கொம்பன் யானையை விரட்டும்போது பட்டாசு ஒன்று சின்னமுத்து அண்ணன் கையை விட்டுப் போகுமுன் வெடித்தது. புருவம் கருகியது. சில நாள் காதில் ரீங்காரம் இருக்கிறது என்றார். பிறகு சரியாகிவிட்டது என்றார். புருவத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். காதைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை.

வைகாசித் தலைப்பு 'ரெண்டு கிட்டார்'. இரண்டு கிட்டார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாட்டுகள். அந்த மாதம் எல்லோருக்கும் மார்க் குறைவாகவே விழுந்தது. ஐந்தாம் எண்ணுக்கு வந்தபோது அவர் குரலில் கோபமே இருந்தது.

"இது தலைப்ப மதிக்கவே இல்ல. எல்லாப் பாட்டுலயும் ஒரே கிட்டார்தான். பேருக்கு எதையோ அனுப்பிருக்காங்க. பூஜ்யம்."

அதற்கு முன் அவர் யாருக்கும் பூஜ்யம் போட்டதில்லை. ஐந்தாம் எண் ஆனந்தகுமாருடையது.

"ஏனுங்ண்ணா, தேடித் தேடி எடுத்ததுங்க அது. ஒரு கிட்டார் இந்தக் காதுல, இன்னொண்ணு அந்தக் காதுல. உங்களுக்கு எங்கீங்க போச்சு ரெண்டாவது?"

"அண்ணன் ஹெட்போன்ல ஒரு பக்கம் ஊத்திக்கிச்சாட்ட இருக்குது," என்றாள் மௌனிகா.

"என் ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. பூஜ்யம்னா பூஜ்யம்."

மௌனிகா ஒரு கழுதைப் படம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஒரு ஹோம்ஸ்டேயின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அன்று மதியம் விருந்தினர் யாரும் இல்லை. ஐந்தாம் பட்டியலை எடுத்துக் கேட்டேன். ஆனந்தகுமார் சொன்னது உண்மை. இடது காதில் ஒரு கிட்டார் கேள்வி கேட்கிறது, வலது காதில் மற்றொன்று பதில் சொல்கிறது. அந்த நேரம் தொலைபேசி அடித்தது. அதை எடுக்க வலது காதிலிருந்ததைக் கழற்றினேன். பதில் சொன்ன கிட்டார் காணாமல் போனது. அடுத்த பாட்டிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். அவர் சொன்னது போலவே எல்லாப் பாட்டிலும் ஒரே கிட்டார்தான்.

எதிர்முனையில் யாரோ அறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு காதில் மட்டும் கேட்கிறவனுக்கு ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. மேட்டுப் பக்கமா, ஓடைப் பக்கமா என்பதைச் சொல்லத்தான் அவர் பாறையில் நிற்கிறார்.

வேலை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் படியில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்த அட்டைகளை உப்புப் போட்டு உதிர்த்துக்கொண்டிருந்தார். இந்து அக்கா கடைக்குப் போயிருந்தார்.

"என்ன ப்ரியா, தென்னந்தோப்புக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?"

"இல்லண்ணே. ஹெட்போன மாத்திப் போட்டு ஒருக்கா கேளுங்க. வலப்பக்கத்த இடது காதுல."

"எதுக்கு?"

"சும்மா கேளுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். மாற்றி மாட்டினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். "இருக்கு," என்றார் மெதுவாக. "நல்லாத்தான் வாசிச்சிருக்கான்." மறுபடி பழையபடி மாட்டினார், மறுபடி மாற்றினார். பிறகு கழற்றிப் படியில் வைத்தார்.

"வயரு போயிருச்சு போல."

"மாத்திப் போட்டா கேக்குதுல்லாண்ணே. அப்ப வயரு நல்லாத்தான இருக்கு."

அவர் முற்றத்தின் நடுவில் போய் நின்று கண்ணை மூடினார். "நீ எங்கயாவது நின்னு கையத் தட்டு. நான் கைகாட்டுதேன்."

அவருக்கு வலப்பக்கம் நின்று தட்டினேன். அவர் கை இடப்பக்கம் நீண்டது. இன்னும் கொஞ்சம் முன்னே போய்த் தட்டினேன். இடப்பக்கம். பின்னால் போய் நின்று தட்டினேன். அப்போதும் இடப்பக்கம்தான். கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நான் அவருக்கு நேர் பின்னால் நிற்பதைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"சளி அடைப்புன்னுல்லா நெனச்சேன்," என்றார். "போன மாசம் மேட்டுப் பக்கம்னு சொன்னேன். பெறவு போய்ப் பாத்தா ஓடைப்பாதையில ஆனைச்சாணி கெடக்கு, ஆவி பறக்குது. அவளுக நடந்து போன அடி அதுக்கு மேலயே பதிஞ்சிருக்கு. ஆனை பெறவு கடந்திருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அடிக்குக் கீழ கெடந்தது எப்படிப் பெறவு வந்ததா இருக்கும்?"

"சூப்பர்வைசர்ட்ட சொல்லிருங்கண்ணே."

"வேலை போனா இந்த வீடும் போகும். லயத்து வீடு வேலைக்காரனுக்குத்தான். இந்து டெம்பரவரி. அவ பேர்ல தர மாட்டான்."

"இந்துக்காவும் அந்தப் பாதையிலதான நடக்காங்க?"

அவர் பூட்ஸைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "நாளைக்கு ஒருநாள் விடு. சாயங்காலம் நானே போய்ச் சொல்லிருதேன். நாளைக்குக் கண்ணால பாத்துட்டு மட்டும் சொல்லுதேன்."

"பனியில கண்ணால என்னத்தப் பாப்பீங்க?"

இந்து அக்கா பையோடு வருவது தெரிந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் அம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டே, "என்னட்டி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கெடக்கு?" என்றாள்.

"நாளைக்கு உன்கூட நானும் வாரேன்."

"நீயா? ஏலச்செடிக்கும் இஞ்சிச்செடிக்கும் வித்தியாசம் தெரியாது. வந்து என்னத்தப் பறிக்கப் போற?"

அண்ணன் வீடு போய்விடுமே என்று உண்மையைச் சொல்லாமல், எப்படியாவது அவளை ஒருநாள் நிறுத்திவிட வேண்டும் என்று எனக்குக் காய்ச்சல், தலைவலி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

காலையில் எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனி. குரல் வர வெகு நேரமாயிற்று. பெண்கள் கால் மாற்றி நின்றார்கள். ஒருவழியாக வந்தது.

"ஓடைப் பக்கம் நிக்குது. மேட்டுப்பாதையில வாங்க."

எல்லோரும் நடந்தார்கள். இந்து அக்கா முன்னால், அம்மா அவருக்குப் பின்னால், அம்மாவை ஒட்டி நான், மற்றவர்கள் எனக்குப் பின்னால். முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஏல இலைகளிலிருந்து சொட்டும் நீர் ஒவ்வொன்றும் எனக்கு அடியெடுத்து வைப்பது போலக் கேட்டது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். ஆனால் இழுக்கவில்லை.

பாதை பிரியும் இடம் தாண்டியதும் இந்து அக்காவின் போன் அதிர்ந்தது. சத்தத்தைக் குறைத்து நடுவில் பிடித்தார். தலைகள் அதைச் சுற்றிக் குனிந்தன.

"நில்லுங்க. யாரும் வராதீங்க. ஏலத்தண்டு முறியிற சத்தம் கேக்குது, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல. எனக்கு ஒரு காது கேக்காது. முன்னமே சொன்னது சும்மா குத்துமதிப்பா சொன்னது. நில்லுங்க தாயி."

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. மேட்டுப்பாதையில், நாங்கள் போகவிருந்த வளைவுக்குள், வயிற்றுக்குள் உருளும் கனத்த உறுமல். காது விசிறும் சத்தம். சாணமும் ஈரமும் கலந்த வாடை. அம்மா கையைப் பின்னால் நீட்டி என் விரலைப் பிடித்தாள். ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்து, திரும்பாமல், பின்பக்கமாகவே அடி வைத்து இறங்கினோம். இந்து அக்கா மட்டும் அசையவில்லை. பாறை அந்த வளைவுக்கு அப்பால் இருந்தது. யானை அவருக்கும் அவர் புருஷனுக்கும் நடுவில் நின்றது. அம்மா அவர் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெயில் வந்த பிறகு சின்னமுத்து அண்ணன் ஓடைவழியாகச் சுற்றி லயத்துக்கு வந்தார். முழங்கால்வரை சேறு.

"இத்தன நாளா எங்கள எந்தத் தைரியத்துல கூப்பிட்ட?" என்றாள் அம்மா.

"எனக்கே நேத்துத்தாங்க்கா தெரியும்."

"நேத்துத் தெரிஞ்சத நேத்தே சொல்லிருக்கலாம்லா?"

நான் தரையைப் பார்த்தேன். இந்து அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெண்களின் குரூப்பில் சூப்பர்வைசரும் இருந்தார். அதனால் யாரும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனின் காதை அடிமாலியில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார்கள். வீட்டை ஓணம்வரை வைத்துக்கொள்ளலாம், பிறகு பார்க்கலாம் என்று எஸ்டேட் சொன்னது. 'பிறகு பார்க்கலாம்' என்றால் என்ன என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சத்தக்காரங்க குரூப்பில் அவரே எழுதினார். ஐந்தாம் பட்டியலுக்குப் போட்டது தப்பு, இனி வேறு யாராவது மார்க் போடுங்கள் என்று. ஆனந்தகுமார் போன் செய்தார். "மார்க்கு கெடக்குதுங்ண்ணா. கோயமுத்தூர்ல தெரிஞ்ச காது டாக்டர் இருக்கறாரு. எங்கூட்டுல தங்கிக்கலாம், வாங்க." அண்ணன் இன்னும் போகவில்லை. லயத்தை விட்டு வெளியே போகவே பயப்படுகிறார்.

புது வாச்சர் யாரும் வரவில்லை. பெண்கள் இப்போது தார் ரோட்டில் சுற்றிப் போகிறார்கள். அந்தப் பக்கமும் யானை உண்டு, ஆனால் பார்வைக்கு இடம் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பனி இறங்கிய நாளில் அதுவும் இல்லை.

நேற்று அப்படி ஒரு நாள். அவர்கள் கிளம்பிய பிறகு நான் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். சின்னமுத்து அண்ணன் முற்றத்தில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ப்ரியா, குழாய மூடு. இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, அது எந்தப் பக்கம்?"

மூடினேன். மறுபடி கேட்டது. மரக்கிளை முறியும் சத்தம்.

"தார் ரோட்டுப் பக்கம்ண்ணே."

நான் சொல்லி முடிக்குமுன் அவர் போனை வாயருகில் வைத்திருந்தார். "இந்து, எல்லாரும் நில்லுங்க." பிறகு இந்து அக்காவின் குரல் ரகசியமாக வந்தது.

"நின்னுட்டோம். எந்தப் பக்கம் நிக்குது, மேலயா கீழயா?"

அவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.