மாப்பிள்ளையின் வயிற்றுவலி

தோங்கோ சுரங்கத்தில் போய் ஹாவ் தேகுய் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முழிப்பார்கள். "முடிஞ்சுது அண்ணன் எங்கே?" என்று கேளுங்கள், வாசலில் முள்ளங்கி விற்கிறவள்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவாள். சீனாவின் ஷான்ஷி மலைகளுக்கு நடுவே அப்படி ஒரு புகழ் சம்பாதித்திருந்தார் மனிதர்.

வாயு உறிஞ்சும் குழுவுக்குத் தலைவர் அவர். நிலக்கரியை வெட்டுவதற்கு முன்னால் அதற்குள் அடைந்து கிடக்கும் மீத்தேனை வெளியே இழுத்துவிட வேண்டும். படுகைக்குள் நீளமாகத் துளை போட்டு, குழாய் செருகி, பம்பு வைத்து மாதக்கணக்கில் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாமல் வெட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் குடியிருப்பின் மேற்கு வரிசைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே வரிசையாக விதவைகள்தான் இருக்கிறார்கள்.

தேகுய் பிறவிப் பொய்யர் அல்ல. இளவயதில் துளைக்காரனாகச் சேர்ந்தபோது ஒருநாள் துளைக்கம்பி பாதியில் சிக்கிக்கொண்டது. ஓடிப்போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். மேற்பார்வையாளன் அவர் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டிவிட்டு, சகதி அள்ளும் வேலைக்குத் தள்ளினான். அதே வாரம் பக்கத்துத் துளைக்காரனுக்கும் கம்பி சிக்கியது. அவன் கம்பியை உருவி வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்றான். ஆண்டு விழாவில் அவனுக்குச் சட்டையில் சிவப்புப் பூ, கையில் பரிசாக வெந்நீர் பிளாஸ்க். சகதிக்குள் நின்றபடி அதைப் பார்த்தாரே, அங்கேதான் தேகுய்க்கு ஞானம் பிறந்தது.

அப்புறம் அவர் ஏறிய வேகம் இருக்கிறதே! எந்த மேலாளர் எதைக் கேட்டாலும் "முடிஞ்சுது ஐயா". உண்மையிலேயே முடிந்த வேலைகளும் அதில் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டுக்கும் ஒரே குரல், ஒரே சிரிப்பு. இப்படிப்பட்ட ஆளை எந்த மேலாளருக்குத்தான் பிடிக்காது?

அடுத்துக் கரி வெட்ட வேண்டிய இடமாக வடக்கு முகப்பு வந்தது. அங்கே கரி ஈரமாவு போல. துளை போடப் போட உள்ளேயே சரிந்து அடைத்துக்கொண்டது. ஆட்கள் பாதித் தூரம் போனதும் கம்பியை உருவி, அடுத்த துளைக்கு நகர்ந்தார்கள். தேகுய் பார்த்தார், தொண்டையைச் செருமினார், வெளியே வந்து எல்லாத் துளையும் முழு நீளம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

உறிஞ்சின வாயுதான் குழாய் வழியாகக் குடியிருப்பு அடுப்புகளுக்கு வரும். அந்தக் குளிர்காலம் முழுக்க அடுப்பில் தீ எழும்பவே இல்லை. பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் முணுமுணுத்தார்கள். தேகுயின் மனைவி ருய்லான் வெளியே முணுமுணுக்க முடியாமல் வீட்டுக்குள் கத்தினாள்.

"ஏன்யா, நூடுல்ஸ் தண்ணி கொதிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் போலிருக்கு. உன் குழாயில வர்றது வாயுவா, நீ மேனேஜர்கிட்ட பேசற பேச்சா?"

"குளிர்காலத்துல அழுத்தம் குறையும்டி. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுப்புக்குத் தெரியுது."

அவர் வினிகர் பாட்டிலை எடுத்து வாயில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு வெளியே போனார்.

மேலாளர் ஃபான் கூட்டம் போட்டு, வடக்கு முகப்பைத் திறக்கப்போவதாக அறிவித்தார். "வாயு இறங்கிடுச்சா, தேகுய்?" என்று கேட்டார். கேட்க வேண்டியதே இல்லை. "முடிஞ்சுது ஐயா." எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு முதல் ஷிப்டு ஆட்களின் பெயர்களை வாசித்தார்கள். வெட்டும் இயந்திரத்துக்கு டிரைவர், துவான் பெங்.

தேகுயின் தலை சட்டென்று நிமிர்ந்தது. துவான் பெங் அவருடைய மாப்பிள்ளை. ஆண் பிள்ளை இல்லாத மனிதர் அவனைத்தான் பிள்ளையாக நினைத்திருந்தார். சதுரங்கத்தில் யாரிடம் தோற்றாலும் பலகையைக் கவிழ்க்கும் தேகுய், அவனிடம் தோற்றால் மட்டும் சிரிப்பார். அந்தப் பையன் இரைச்சலும் பொறியுமாகச் சுற்றும் இயந்திரத்தோடு, உறிஞ்சப்படாத கரிக்குள் போகப்போகிறான்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி மேலாளரின் அறைக்குப் போனார். வாசலில் நின்று வார்த்தைகளை ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டார். ஃபான் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"வாப்பா, உக்காரு. மாவட்டத்துல உன்னைப் பத்தித்தான் பேசினேன். தோங்கோவுல தேகுய்னு ஒரு ஆள் இருக்கான், முடியாதுங்கற வார்த்தையே அவன் வாயில வராதுன்னேன். என்ன விஷயம்?"

தேகுய் தேநீரைக் குடித்தார். அருமையான தேநீர் என்றார். இந்த வருஷம் பனி அதிகம் என்றார். வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார், அதுவும் மெதுவாகத்தான்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு நாக்கு எழும்பாத மனிதருக்கு வேறு யோசனை மட்டும் எப்படித்தான் வந்ததோ! நேராக மூலிகைக் கடைக்குப் போனார். பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளத் தூள் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"மாட்டுக்கு."

"சுரங்கக் குடியிருப்புல மாடு ஏது?"

"கொடுய்யா, பேசாம!"

முகப்பு திறப்பதற்கு முந்தின நாள் மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்தார். ஆட்டுக்கறிக் குழம்பு, ஓட்ஸ் மாவுச் சுருள்கள், கிண்ணம் நிறைய பழைய வினிகர். ஷான்ஷிக்காரன் எதை மிச்சம் வைத்தாலும் வினிகரை மிச்சம் வைக்க மாட்டான். துவான் பெங் கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்து குடித்தான். "மாமா, இன்னிக்கு வினிகர் ஒரு மாதிரி இருக்கே" என்றான். "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

மறுநாள் சுரங்க வாசலில் மேளம், சிவப்புத் துணி, பட்டாசுச் சரம். தேகுய் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றார். மாப்பிள்ளை வீட்டில் கழிப்பறையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். அவனுக்குப் பதிலாக ஹோவ் என்கிற டிரைவரைப் போட்டிருந்தார்கள். தேகுய்க்கு மனசு லேசாகிவிட்டது. கேட்டீர்களா இந்த அநியாயத்தை? லேசாகிவிட்டதாம்!

விளக்கறையில் ஆட்கள் தலைவிளக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தேகுய் உற்சாகப்படுத்துகிற பாவனையில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"துவான் எங்க?" என்று கேட்டான் ஹோவ். "என்னை எதுக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க?"

"அவனுக்கு வயித்தால போகுதாம்" என்றான் ஒருவன்.

"எதைத் தின்னானாம்?"

"நேத்து மாமனார் வீட்டுல விருந்தாம்."

எல்லாத் தலைகளும் வாசலில் நின்ற மாமனார் பக்கம் திரும்பின. ஹோவ் மாட்டிய விளக்கைக் கழற்றிப் பலகையில் வைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"ஐயோ, எனக்கும் வலிக்குதே!"

"எனக்கும்தான்!"

"எனக்குப் பயங்கரமா வலிக்குதுப்பா, விளக்கை வாங்கிக்கங்க!"

கண் மூடித் திறப்பதற்குள் ஒரு ஷிப்டே தரையில் கிடந்து முனகியது. ஒரு கிண்டல்காரன் மட்டும் முனகலுக்கு நடுவே தலையைத் தூக்கி, "முடிஞ்சுது அண்ணே, எங்களுக்கும் ஒரு வாய் சோறு போட்டிருக்கலாமே!" என்றான். தேகுயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

ஃபான் ஓடி வந்தார், கத்தினார், சம்பளத்தைப் பிடிப்பேன் என்றார். ஒருவனும் எழவில்லை. தேகுயின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். கத்தலை நிறுத்தினார். புரிந்துவிட்டது. ஆனால் முழு நீளம் என்ற அந்தத் தாளுக்குக் கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறதே, வெளியே சொல்ல முடியுமா? மாலைக்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: கேன்டீன் சாப்பாடு கெட்டுப்போனதால் தொழிலாளர்களுக்கு உடல்நலக்குறைவு, முகப்புத் திறப்பு ஒத்திவைப்பு, சமையல்காரர் மீ வேலைநீக்கம்.

மீ அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து அழுதார். "என் சாப்பாடு எவனுக்கு ஒத்துக்கலை? ஒருத்தன் சொல்லுங்கடா!" என்று கேட்டார். தேகுய் அந்த வழியாகத்தான் போனார். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார்.

ஃபான் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த முறை தேநீர் இல்லை.

"துளை எல்லாத்தையும் மறுபடி போடு. உன் மாப்பிள்ளை நல்ல டிரைவர். அந்த முகப்பு எப்போ திறந்தாலும் முதல் ஆள் அவன்தான். அவனுக்கு வயிறு, தலை, பல்லு, எது வலிச்சாலும் சரி, கட்டில்ல வெச்சாவது உள்ளே அனுப்புவேன். புரியுதா?"

கருவிகள், சோதனைக்காரர்கள், சுவர் முழுக்க எழுதிய வாசகங்கள், இத்தனையும் சேர்ந்து செய்யாததை அந்த மிரட்டல் செய்தது. தேகுய் தானே உள்ளே இறங்கினார். கரியைக் கூழாக்கும் தண்ணீரை நிறுத்திக் காற்றை ஊதித் துளைத்தார்; துளை சரிவதற்குள் சல்லடைக் குழாயை உள்ளே செலுத்தினார். இந்த வித்தை அவருக்கு முன்பே தெரியும். வேலை கூடுதல், அவ்வளவுதான். கம்பியைப் பாதியில் உருவப் பார்த்த ஒருவனின் கையைப் பிடித்து, "உன் வீட்டு ஆளா உள்ளே போகப்போறான்?" என்று கேட்டார். அவன் பேய் அறைந்தவனாக அவரைப் பார்த்தான்.

கோடைக்காலம் முழுக்க உறிஞ்சினார்கள். அப்புறம் முகப்பைத் திறந்தார்கள். துவான் பெங் இயந்திரத்தை ஓட்டினான், ஹோவ் பக்கத்தில் உதவிக்கு நின்றான். கரி சரசரவென்று இறங்கியது, வேறொன்றும் நடக்கவில்லை. ஷிப்டு முடியும்வரை தேகுய் மேலே வாசலில் நின்றபடியே இருந்தார்.

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்தது. கறுத்த முகங்களுக்குள் மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டு, நடுவாசலில் குழந்தை மாதிரி அழுதார். "வந்துட்டியா! உசிரோட வந்துட்டியாப்பா!" பக்கத்திலேயே ஹோவ் நின்றான். அவனை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் கட்டிப்பிடித்தார். அது அவருக்குத் தெரியவே இல்லை.

துவான் பெங் அவர் கைகளை எடுத்துக் கீழே விட்டான்.

"அன்னிக்கு ஹோவ் விளக்கு மாட்டினதைப் பாத்துட்டுத்தானே நின்னீங்க, மாமா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா..."

"நான் செத்திருந்தா அழுதிருப்பீங்க. இவன் செத்திருந்தா மாலை வாங்கிட்டுப் போயிருப்பீங்க. முன்வரிசையில நின்னிருப்பீங்க."

ஹோவ் அவரைப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வாடா, குளிக்கப் போகலாம்" என்று துவான் பெங் அவன் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனான். தேகுய் அங்கேயே நின்றார். புதுச் சட்டையின் மார்பு முழுக்க மாப்பிள்ளையின் கரி ஒட்டியிருந்தது.