சுருக்கம் கேட்டவர்

உசிலம்பட்டிப் பக்கத்தில் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வண்டியில் வந்தார். பள்ளிக்கூடம் நடப்பதும் மூடுவதும் அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. குள்ளமான மனிதர், பெரிய தலைப்பாகை. கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கேட்டது போதுமென்றால் ஒற்றை விரலைத் தூக்குவார்.

"குளம் வெட்டின பாடத்தைச் சுருக்கமாச் சொல்லு" என்றார். முதல் மாணவன் பாடம் முழுவதையும் ஒப்பிக்கத் தொடங்கினான். விரல் எழுந்தது. நிறுத்தினால் தொடரத் தெரியாதே, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். அடுத்தவனும் அப்படியே.

"வாத்தியாரே, நீங்க சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன பாடம் எழுத்துப் பிசகாமல் வந்தது. விரல் எழுந்தது. நானும் முதல் வரிக்கே போனேன்.

"சாரும் நம்மள மாதிரித்தான்டா" என்றது பின்வரிசை.

அவர் கண்ணைத் திறந்தார். "இங்க எல்லாருக்கும் பாடம் மனப்பாடம், யாருக்கும் புரியல. இப்படி எழுதினாச் சரியா இருக்குமா?"

என்ன அருமையான சுருக்கம்! ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. "சரிதாங்கய்யா. ஆனா அடுத்த வருசத்துக்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துருதேன்" என்று கெஞ்சினேன்.

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. வண்டிக்காரன் கூப்பிட்டும் போகாமல், என் பதிலுக்காக நின்றார். எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்கவே இல்லை. அவருக்காவது ஒரு பெயர் தெரிந்திருக்குமோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.