முனியம்மா அக்கா ஊற்றிய தண்ணீர்

அப்போது கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். மழை கொட்டிய ஒரு மத்தியானம் என் மூத்த பெண் மாதம் நிறையுமுன்பே பிறந்தாள். அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. கணவர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸரைக் கூட்டிவர ஓடியிருந்தார். மாதாகோயில் சாமியாரோ ஈப்போ டவுனில் இருந்தார்.

ஞானஸ்நானம் பெறாமலே பிள்ளை போய்விடுமோ என்று பயந்தேன். ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் தண்ணீர் ஊற்றுகிறவரே வார்த்தையையும் சொல்ல வேண்டும். ஞான உபதேசத்தில் அப்படித்தான் படித்திருந்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தது பிரசவம் பார்த்த முனியம்மா அக்கா மட்டும்தான்.

"நான் சொல்றத நீங்களும் சொல்லிக்கிட்டே தலையில தண்ணி ஊத்துங்கக்கா."

"நான் திருநீறு பூசுறவ, புள்ள. என் வாயால சொன்னா செல்லுமா?"

"செல்லும்க்கா, சீக்கிரம்!"

"பிதா, சுதன்..." என்று நான் சொன்னதை முழுக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே அக்கா ஊற்றினார். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டாள்.

பிள்ளை தேறியும் என் பயம் தீரவில்லை. உண்மையிலேயே செல்லுமா? தோட்டத்துக்குச் சாமியார் வந்த அன்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "செல்லும். இன்னொரு தடவை கொடுக்கவே கூடாது" என்றார்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

"அன்னிக்கி மனசுக்குள்ள மாரியாத்தாவையும் கூப்புட்டேன், புள்ள. அதால ஒண்ணும் கெட்டுப் போயிடாதுல்ல?"

என்னைப் போலவே அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

"கெடாதுக்கா" என்றேன்.

அது சரியா என்று சாமியாரிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.