ரயில்வே கேட்டுக்கு மேற்கே ஓர் ஆண்டறிக்கை

என் கணவரும் நானும் மணலியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் கணக்குப் பிரிவு, அவர் சுற்றுச்சூழல் பிரிவு. காலையில் ஒரே ஸ்கூட்டரில்தான் போவோம். ஆபீஸ் வாசலில் இறங்கியதும் நான் அவருக்கு "மேடம்", அவர் எனக்கு "சார்". சாயங்காலம் விம்கோ நகர் ரயில்வே கேட்டைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் புருஷன் பெண்டாட்டி.

கேட்டைத் தாண்டிவிட்டால் ஆபீஸ் பேச்சு கூடாது. கல்யாணமான புதிதில் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் இது. அப்போது ஒரு நாள், கம்பெனிக்காக அவர் வாங்கிய வேப்பங்கன்றுகளுக்கான பில்லில் கையெழுத்து இல்லை என்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி நான் வைத்த வஞ்சிரக் குழம்பை அவர் தொடவே இல்லை. காசிமேட்டில் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கிய மீன்! கன்றுக்காக மீனைப் பகைத்துக்கொண்ட ஆள் இந்த ஊரிலேயே இவர் ஒருவர்தான். மறுநாளே சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் சண்டையெல்லாம் ஃபேன் வேகம், ஈரத் துண்டு போன்ற மரியாதையான காரணங்களுக்காக மட்டுமே நடந்தது.

இப்போதெல்லாம் கம்பெனியின் ஆண்டறிக்கை ஒரே புத்தகமாக வருகிறது. தண்ணீர், புகை, கழிவு, தொழிலாளர் நலம் என்று முன்பாதியை அவர் பிரிவு எழுதும். வரவு செலவு, லாப நஷ்டம் என்று பின்பாதி எங்களுடையது. அவர் பாதியில் மரங்களும் சிரித்த முகங்களும் வண்ணத்தில் இருக்கும். என் பாதியில் கட்டங்கள் மட்டும். அடுத்தவர் எழுதியதை நாங்கள் அச்சாகி வந்த பிறகுதான் பார்ப்போம். நான் படம் மட்டும் பார்ப்பேன்.

போன வருஷம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு யூனிட். பழைய யூனிட்டில் தரையில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டு, நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தை வருஷக்கணக்காக அலைந்து முடித்தவர் அவர்தான். அடுத்தது புது யூனிட்டுக்கும் குழாய் போட வேண்டும். அதற்கு இயக்குநர் குழு சம்மதிக்க வேண்டும். திருவொற்றியூரில் அவர் வளர்ந்த தெருவில் கிணறும் அடிபம்பும் ஒவ்வொன்றாக உப்பாகிப் போனதைப் பார்த்தவர். தரையிலிருந்து தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்துவது அவருக்குச் சொந்தக் கடமை மாதிரி.

புத்தகம் வெளிவந்த பிறகு முதலீட்டாளர்களோடு காணொளிக் கூட்டம் நடந்தது. அதில் ஒருவர் கேட்டார்: முன்பாதியில் தண்ணீரைக் குறைத்துவிட்டோம் என்கிறீர்கள், பின்பாதியில் தண்ணீர்ச் செலவு ஏறியிருக்கிறது, இதில் நான் எதை நம்புவது? எங்கள் எம்.டி. என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் எம்.டி. எங்கள் இருவரையும் நிறுத்தினார். "செலவுதான் ஏறுதுன்னா புது யூனிட்டுக்குக் குழாய் எதுக்கு? பழையபடி போர் தண்ணியே ஓடட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கம் விளக்கம் எழுதுங்க. அதுல பதில் இல்லைன்னா திட்டத்தை விட்டுடலாம்."

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். கேட் மூடியிருந்தது. நீளமான சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கேட்டைத் தாண்டல. பேசலாம்," என்றேன்.

"இன்னாத்த பேசறது? போர் தண்ணி சல்லிசு. குழா தண்ணி வெல ஜாஸ்தி. உன் கணக்கு கரீட்டுதான். என் குழாதான் பூட்ச்சி."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எதையாவது பேசவைக்க வேண்டுமே என்று, "கோடையில போர் தண்ணி உப்பாயிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"யூனிட்ட நிறுத்திக்கினு குந்திகினு கீறதுதான். இந்தக் கோடையிலயும் புது யூனிட்டு நின்னுச்சே."

"அது பராமரிப்புக்குன்னு இல்ல உற்பத்திப் பிரிவுல எழுதியிருந்தாங்க?"

"அட நீ வேற! நின்னதுதான் நின்னுச்சு, அப்டியே ரிப்பேரும் பாத்துக்கலாம்னு பாக்கறாங்க. தண்ணி இல்லாததால தாம்மே நிக்குது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோடையில் உற்பத்தி நின்றதால் போன வருமானம் வருஷா வருஷம் என் கணக்கில் 'பராமரிப்பு' என்ற பெயரில் இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பழைய யூனிட் அந்தக் கோடையில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதனால் தப்பிய வருமானத்துக்கு முன்னால், தண்ணீருக்குக் கொடுத்த கூடுதல் விலை ஒன்றுமே இல்லை. அவருக்குக் காரணம் தெரியும், தொகை தெரியாது. எனக்குத் தொகை தெரியும், காரணம் தெரியாது. ஒரே சட்டியில் சாப்பிடுகிற இரண்டு பேர் இதைப் பேசாமலே இருந்திருக்கிறோம். சொன்னதும் அவர் வண்டியிலிருந்தே திரும்பி என்னை வெறித்துப் பார்த்தார்.

அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா நைனா, கேட்டு தொறந்து எம்மா நேரமாவுது? வண்டிய எடு, இல்லாங்காட்டி ஓரமா நிப்பாட்டிக்கினு கொஞ்சு!"

அவர் ஓரமாகவே நிறுத்தினார். கேட்டுக்கு மேற்கே, ஆபீஸ் பக்கமாக இருந்த டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தோம். சட்டத்தை மீறக் கூடாதே.

பாதிப் பக்கம் ஓடியதும் வம்பு வந்தது. அவர் ஆண்டறிக்கையிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட முதல் வரி, 'பழைய யூனிட் ஒரு சொட்டு நன்னீர்கூட எடுப்பதில்லை' என்பது. எழுதிய நாளிலிருந்து அவர் கொஞ்சிக்கொண்டிருந்த வரி அது. அதை எடுக்கச் சொன்னேன். "கேன்டீனுக்கு வர்ற தண்ணி லாரிக்கு நான்தானே பில்லு பாஸ் பண்றேன்?"

"அது குடிக்கிற தண்ணிமே. அத்தப் போயி எவன் கணக்குல சேப்பான்?"

"நான் சேப்பேன். ஒரு சொட்டு பொய்யின்னா மிச்சத்த எவன் நம்புவான்?"

அவர் டம்ளரைத் தள்ளிவைத்தார். டீ ஆடை கட்டியது. எனக்கு வஞ்சிரக் குழம்பு நினைவு வந்தது. ஆனால் அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை அழித்தார். 'உற்பத்திக்கு நன்னீர் எடுப்பதில்லை. குடிநீர் மட்டும் லாரியில் வருகிறது' என்று எழுதினார். பதிலுக்கு நான் என் பாதியில் 'பராமரிப்பு' என்பதை எடுத்துவிட்டு 'தண்ணீர்ப் பற்றாக்குறை' என்று போட ஒப்புக்கொண்டேன். உற்பத்திப் பிரிவின் தலைவர் என்மேல் பாய்வார் என்று தெரியும். பாய்ந்தார். சமாளித்தேன்.

எம்.டி. அந்தப் பக்கத்தை முதலீட்டாளர்களுக்கு அனுப்பி, மறுபடி கூட்டம் கூட்டினார். கேள்வி கேட்ட அதே மனிதர் வந்தார். கோடைக் கணக்கை அவர் முழுவதும் படித்தார். பிறகு, குடிநீர் லாரியில் வருகிறது என்று எழுதும்படி யார் கேட்டார்கள் என்றார்.

"யாரும் கேட்கவில்லை," என்றார் என் கணவர். "எங்கள் கணக்குப் பிரிவு விடவில்லை."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். இதையே சொல்கிறவர்கள் மற்றதையும் சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள் என்றார். அடுத்த வாரம் இயக்குநர் குழு புது யூனிட்டுக்குக் குழாய் போடச் சம்மதித்தது.

அன்று சாயங்காலம் கேட் திறந்தே இருந்தது. ரயில் எதுவும் இல்லை, நேராகப் போயிருக்கலாம். அவர் கேட்டுக்கு முன்னாலேயே வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒரு டீ சாப்டுட்டுப் போலாமா, மேடம்?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்கு நான் வெட்கப்பட்டது அன்றுதான்.