பாஷாணப் பச்சை

டில்லியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி அலுவலகத்தில் சுந்தரவல்லி ஓவியராக இருந்தாள். துரு நோய் கண்ட கோதுமைத் தாள், பூச்சி அரித்த கத்தரி இலை இவற்றை நீர்வண்ணத்தில் அச்சு அசலாக வரைய வேண்டும்.

எழுபத்தேழு மார்ச்சில், ஆறு மாத வயிற்றோடு, அலுவலகத்துக்கு வண்ணங்கள் தேர்ந்தெடுக்க கன்னாட் பிளேஸில் ஒரு பழைய கடைக்குப் போனாள். நனைத்தால் முனை ஒன்றுசேர்கிறதா என்று பார்த்து இரண்டு தூரிகைகளை எடுத்துக்கொண்டாள். பச்சை எதுவும் பிடிக்கவில்லை. கடைக்காரக் கிழவர் உள்ளேயிருந்து தூசி படிந்த ஒரு வெளிநாட்டு ட்யூபைக் கொண்டுவந்தார். காகிதத்தில் தீற்றினாள். மழையில் நனைந்த தளிர் போல மின்னியது. இன்னும் மெல்லிய கோடு போடலாமென்று, வழக்கம்போல, தூரிகையை உதட்டில் வைத்து முனையைக் கூராக்கப் போனாள்.

"அரே பெஹன்ஜி!" கிழவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "வாயில் வைக்காதீர்கள். இதில் ஸங்கியா இருக்கிறது."

ஸங்கியா என்றால் பாஷாணம். அவ்வளவு ஹிந்தி அவளுக்குத் தெரியும்.

"இதில் மட்டுமா?"

"அந்தச் சிவப்பில் பாதரசம்" என்று மேஜைமேல் இருந்த ஒரு ட்யூபைக் காட்டினார்.

அதே சிவப்பில்தான் நாலு வருஷமாகத் துரு நோயை வரைந்துகொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் தூரிகை உதட்டுக்குப் போயிருக்கும்? எதையும் வாங்காமல் பஸ் ஏறினாள். வயிற்றின் மேல் வைத்த கையை வீடு வரும்வரை எடுக்கவில்லை.

வந்ததும் வாயைக் கொப்பளித்தாள். மறுபடியும் மறுபடியும் கொப்பளித்தாள்.

"என்னாச்சுடி, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கே?" என்றான் கணவன் சேஷன்.

சொன்னாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் லேடி டாக்டர் அவள் நகங்களையும் ஈறுகளையும் பார்த்தாள்.

"உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. குழந்தையைப் பத்தி, பொறந்தப்புறம்தான் சொல்ல முடியும்."

அதன்பின் குழந்தை உதைத்தால் மூச்சு வந்தது. அசையாவிட்டால் வேலையை அப்படியே போட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக் காத்திருப்பாள்.

கடைக்குத் திரும்பப் போனபோது ட்யூப் ட்யூபாக எதில் என்ன இருக்கிறது என்று கிழவரைக் கேட்டாள். அவரால் சொல்ல முடியாததைத் தொடவில்லை. நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் இனி பச்சை.

"இலை ஏம்மா இவ்வளவு மங்கலா இருக்கு?" என்றார் அதிகாரி வேதாந்தம்.

"பாஷாணம் இல்லாத பச்சை இவ்வளவுதான் சார்."

அவர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூனில் பெண் பிறந்தது. எடை குறைவு. பிறந்தவுடன் அழவில்லை. நர்ஸ் முதுகில் இரண்டு தட்டு தட்டியபின் வீறிட்டது. டாக்டர் கண், காது, கை, கால் எல்லாம் பார்த்து, "அச்சா, நல்லாயிருக்கா" என்றாள். சேஷன் வராந்தாவிலேயே அழுதுவிட்டான்.

சுந்தரவல்லிக்கு அழுகை வரவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறதா, சாமானைப் பிடிக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பதின்மூன்றாம் மாதம் குழந்தை தானாக எழுந்து நடந்த அன்றுதான் முதல்முறையாக அசந்து தூங்கினாள்.