ஓஸ்வால்டின் ஹால் அவரை

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையில் ஓஸ்வால்டுக்கு ‘பிஸ்கட்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, என்னைத் தவிர. அவர் என் மாமன் மகன், எனக்கு அந்த உரிமை உண்டு. அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் வீட்டில் விளைந்த வாழைத்தார், முருங்கைக்காய், கறிவேப்பிலை என்று ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஓஸ்வால்ட் மட்டும் கடை பிஸ்கட் பாக்கெட்டுகளை ஓரமாக வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் உட்காருவார். பாவம், அவரும் என்ன செய்வார்? பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பியதிலிருந்து அவர் வீட்டு முற்றத்தில் வெயில் என்பதே கிடையாது. அதற்கு முன்னால் அவர் வீட்டு அவரைக்காய்க்கு ஏலத்தில் அடிதடியே நடக்கும்.

போன வருஷம் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏலம் விடும் டென்சிலிடம், “அடுத்த வருஷம் என் வீட்டு அவரைக்காய் வரும். பேரைச் சத்தமா சொல்லணும்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அவர் வீட்டு ஹாலில் ஒரு தொட்டி வந்தது. அதற்கு மேலே, செடிக்கென்றே விற்கும் ஒரு லைட் வந்தது.

அவரை கொடியாயிற்றே. சும்மா விட்டால் லைட்டில் போய் முட்டும், அப்புறம் ஃபேனில் சுற்றும். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், ஆனால் செடி கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வலை கட்டிப் படரவிட்டால் எல்லா இலைக்கும் வெளிச்சம் கிடைக்கும், அவர் மனைவி ரத்தினம்மாளுக்குத்தான் உட்கார இடம் கிடைக்காது. தண்டை மெதுவாக வளைத்துத் தொட்டி விளிம்போடு கட்டுவது இன்னொரு வழி. ஃபேக்டரியில் வரைபடம் போட்டு ரிட்டையரானவர் அல்லவா, ஒவ்வொன்றையும் படம் வரைந்து யோசித்தார். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு யோசிக்கல, வீணா” என்று என்னிடம் சொன்னார் ரத்தினம்மாள்.

கடைசியில் வளைத்துக் கட்டுவது என்று முடிவானது. நூல் தண்டை அறுத்துவிடுமாம், அதனால் தன் பழைய டைகளைக் கிழித்துக் கட்டினார். நான் போய்ப் பார்த்தேன். கொடி தொட்டியைச் சுற்றித் தட்டையாகப் பரவியிருந்தது. இலைகளெல்லாம் பளபளவென்று இருந்தன. பூ மட்டும் இல்லை.

வெளிச்சம் போதவில்லை என்று தீர்மானித்தார் ஓஸ்வால்ட். விடியுமுன் லைட்டைப் போட்டுத் தூங்கப் போகும்வரை எரியவிட்டார். ரத்தினம்மாள் சாயங்காலமானால் அணைத்துவிடுவார், டிவியில் அந்த வெளிச்சம் அடித்ததால்.

“லைட்டை யாரு ஆஃப் பண்ணது?”

“நான்தான். மாமியார் யாரு, மருமக யாருன்னே தெரியலங்க.”

“பூக்காம செடி நிக்குது, உனக்கு சீரியலா?”

“சும்னே கத்தாதீங்க” என்பார், கன்னடம் கலந்து.

ஓஸ்வால்ட் மறுபடி போடுவார். செடியும் இலையாகவே விட்டது. பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓஸ்வால்ட் சோர்ந்துபோனார். “இனி நீயே பாத்துக்கோ. நான் பிஸ்கட்டே வாங்கிக்கிறேன்” என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். அன்று அவரைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

ரத்தினம்மாள் தண்ணீர் ஊற்றினார். காலையில் லைட்டைப் போட்டார், சீரியலுக்கு முன்னால் அணைத்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. சில வாரங்களில் வளைத்த கொடி முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பூத்தது. ஓஸ்வால்ட் பதறிப்போய் அவரை வளர்ப்பைப் பற்றி மறுபடி படித்துப் பார்த்தார். நாட்டு அவரைக்கு நீண்ட இருட்டு வேண்டுமாம், அப்போதுதான் பூக்குமாம். எப்படிக் கட்டுவது என்பதைக் கரைத்துக் குடித்தவர், எப்போது தூங்கவிடுவது என்று பார்க்கவே இல்லை.

பண்டிகை அன்று டென்சில் கூடையைத் தூக்கிப் பிடித்தான். “ஓஸ்வால்ட் அங்கிள் வீட்டு அவரைக்காய்!”

அந்த ஒரு கூவலுக்காக வருஷம் முழுக்கத் தவம் கிடந்தவர் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். “டென்சில், பேரை மாத்துப்பா. ரத்தினம்மாள் அவரைக்காய்னு சொல்லு.”

டென்சில் மாற்றிச் சொன்னான், முன்னைவிடச் சத்தமாக. சபையே கைதட்டியது. பெண்கள் பக்கத்தில் என் அருகே இருந்த ரத்தினம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்து இடித்தேன். அழுதுகொண்டிருந்தார்.

“கல்யாணமாகி இங்க வந்ததுலேர்ந்து நான் மிஸஸ் ஓஸ்வால்ட்தான், வீணா” என்றார். “என் பேரு அவருக்கு ஞாபகம் இருக்கும்னே நான் நினைக்கல.”